கோட்டுக்குக் கீழே சாத்தே

கணவன் மனைவி இருவருமே ஆட்டுக்கறியை விட்டுவிட்டு, தினமும் ஓட்டப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஓடிவிட்டு வந்த சுகிமான், ஸ்மார்ட் கைக்கடிகாரம் வரைந்திருந்த வேக வரைபடக் கோட்டை மனைவி எண்டாங்கிடம் பெருமையாகக் காட்டினார்.

அவள் இயற்பியல் ஆசிரியை.

"நடுவுல அரைமணி நேரம் வேகம் பூஜ்யமா இருக்கே?"

"மூச்சு வாங்குச்சு."

"வாங்குனீங்களா, வாடகைக்கு எடுத்தீங்களா?" அந்த இடம்வரை கோட்டுக்குக் கீழிருந்த பரப்பைக் கணக்குப் போட்டாள். "பரப்புதான் ஓடுன தூரம். ஆயிரத்து இருநூறு மீட்டர். நம்ம ரோட்டுல அது நேரா ஆட்டுக்கறியைக் குச்சியில குத்திச் சுட்டுத் தர்ற சாத்தே கடை."

சுகிமான் தலை குனிந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"தினமும் போற எனக்கே அந்தத் தூரம் தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

எண்டாங் தன் கையிலிருந்த ஜோடிக் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தாள்.