சத்தம் என்கிற கட்டம்

“சத்தத்தைக் குறைக்கக் குறைக்க எல்லார் புகாரும் குறையுது. இவர் புகார் மட்டும் ஏண்ணே கூடிக்கிட்டே போகுது?”

சிக்னல் கம்பத்தில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இன்ஜினியர் கேட்டாள். பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் கொட்டாவியை அடக்கினார்.

“கேட்டா நடக்குதுன்னு கண்டுக்கிட்டார் மேடம். சில பேருக்குக் குறை சொல்லலைன்னா சோறு இறங்காது.”

நடந்து போகிறவர்களுக்கான சிக்னல் அது. பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் வண்டிகள் நிற்கும், பச்சை விழும். கூடவே பெட்டியிலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம் வரும். பச்சை அணைந்தால் அதுவும் நின்றுவிடும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே ஒரு குமிழ். ஒன்றிலிருந்து பத்து வரை திருப்பலாம்.

வைத்த புதிதில் பத்தில் இருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நாற்பது புகார். ஏழுக்கு இறக்கினார்கள், புகார் இருபத்திரண்டானது. நாலுக்கு இறக்கினார்கள், ஒன்பது. இப்போது குமிழ் ஒன்றில் நிற்கிறது. புகார் செய்கிறவரும் ஒரே ஒருவர்தான்.

திட்டத்தை மூடும் பொறுப்பு போன வாரம்தான் இன்ஜினியரிடம் வந்தது. கடைசிப் புகாரும் தீராமல் மூட முடியாது. மாலைக்குள் மூடினால்தான் ‘கற்ற பாடங்கள்’ அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போகும். நாளை இன்னும் பதினெட்டு சந்திப்புகளில், அந்த அறிக்கைப்படி வேலை தொடங்குகிறது. முதல் வரியை அவள் ஏற்கெனவே எழுதிவிட்டாள்: ‘ஒலியைத் தொடக்கத்திலேயே ஒன்றில் வைக்கவும்.’

“ஆமா, இந்த டிக் டிக் எதுக்குண்ணே?”

“பெட்டியோட வந்துச்சு மேடம். போனைப் பாத்துக்கிட்டே, குனிஞ்ச தலை நிமிராம ரோட்டைத் தாண்டுற மகராசனுங்களுக்கா இருக்கும்.”

அவள் புகார்ப் படிவங்களைப் புரட்டினாள். விளக்கு, கம்பம், சத்தம் என்று மூன்றே கட்டங்கள். அந்த மனிதரின் பதினோரு புகாரிலும் சத்தம் என்ற கட்டத்தில் ஒரு டிக். வேறு ஒரு வார்த்தை இல்லை. என்ன சத்தம், எப்போது, யாருக்கு? ஆர்வம் தாங்காமல் எண்ணைத் தட்டினாள்.

“சார், சிக்னல் ஆபீஸ்லேருந்து பேசுறேன். உங்க புகார் விஷயமா...”

“அடடே! நானா கூப்பிட்டா, வாயைத் திறக்கிறதுக்குள்ள ‘சத்தம்தானே? போட்டாச்சு’ன்னு உங்க ஆளு போனை வெச்சிடுறார்.”

டெக்னீஷியன் திடீரென்று கம்பத்தின் உச்சியை ஆராயத் தொடங்கினார்.

“சத்தத்துல என்ன சார் குறை?”

“அதால தினமும் வேலைக்கு லேட்டும்மா. நான் ஸ்கூல்ல பாட்டு வாத்தியார். நான் போறதுக்குள்ள முதல் பீரியட் பிள்ளைங்க கூரையைப் பிச்சிடுதுங்க.”

“பாட்டு வாத்தியாரா? அதான் காது இவ்ளோ நீளம்,” என்று டெக்னீஷியன் கிசுகிசுத்தார்.

சத்தத்தால் ஒருவர் எப்படி லேட்டாவார்? அவளுக்குப் பிடிபடவில்லை.

“சார், இப்ப ஒண்ணுல இருக்கு. இதுக்கும் கீழன்னா நிறுத்தத்தான் செய்யணும்.”

“நிறுத்தினா மட்டும் என்னம்மா மாறிடப் போகுது?” அவர் சிரித்தார். “நேர்ல பேசுவோமே. சந்திப்புலதான் இருக்கேன், தையற்கடை வாசல்ல.”

நிமிர்ந்தாள். சாலைக்கு எதிர்ப்பக்கம், தையற்கடை வாசல் கூட்டத்தில், தோள்பையும் காதில் போனுமாக ஒருவர்.

“நாங்களும் எதிர்லதான் சார், கம்பத்துக்கிட்ட. இந்தப் பக்கம் வந்திடுங்களேன்.”

பொத்தானை அழுத்தினாள். வண்டிகள் நின்றன. பச்சை விழுந்தது. பெட்டியில் காதை வைத்துக் கேட்டால்தான் டிக் டிக் கேட்டது. கூட்டம் மொத்தமும் கடந்து வந்தது. அவர் மட்டும் அசையவில்லை. சிவப்பு. மறுபடி அழுத்தினாள். மறுபடி பச்சை. அப்போதும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றார்.

“வீம்பு மேடம். ‘ஒத்துழைக்கவில்லை’ன்னு எழுதி மூடுங்க.”

பேனாவைத் திறந்தவள், கடைசியாகப் போனில் கேட்டாள். “சார், ரெண்டு தடவை பச்சை விழுந்துடுச்சு. ஏன் வரமாட்டேங்கிறீங்க?”

“விழுந்துடுச்சா? உங்க பெட்டி சொல்லவே இல்லையேம்மா!” என்று பதறிய பாட்டு வாத்தியார், சுவரில் சாய்த்திருந்த வெள்ளைக் கோலைத் துழாவி எடுத்தார்.

அவள் பேனா, பதினெட்டு சந்திப்புகளுக்கான அந்த முதல் வரியின் குறுக்கே ஓடியது.