நகராத சீட்

"டிரைவர் சீட்டை மட்டும் புதுசா மாத்திடாதீங்க. பார்த்ததும் ஜனங்களுக்குக் குலை நடுங்கணும்" என்றார் தலைவர். "பின்சீட்டு பளபளன்னு இருக்கட்டும். சிறப்பு விருந்தினர் உக்காந்து போட்டோ எடுத்துக்குவாரு."

குஷன்காரர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுத் தலையாட்டினார். நாற்பத்தியோரு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கார். கூரைத் துணி கிழிந்து தொங்கியது. பின்சீட்டு நாருக்குள் எலிகள் பேரன் பேத்தி எடுத்திருந்தன. ரெக்சினின் ஓரத்தையலைப் பிரித்து, வெயில் படாத மடிப்பில்தான் அசல் நிறத்தையே கண்டுபிடித்தார்.

"போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து தள்ளிக்கிட்டு வந்து ஷெட்டுல விட்டதோட சரி. அப்புறம் ஒருத்தரும் கதவைக்கூடத் தொறக்கலை" என்றார் தலைவர்.

தலைவர் என்றால் சாலைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். ஹெல்மெட் போடாதவர்களை நடுரோட்டில் நிறுத்தி வகுப்பெடுப்பவர். அவருடைய சொந்த வண்டி அப்போதும் பட்டறை வாசலில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

நாளைக்குச் சங்கத்தின் கண்காட்சி. நடுநாயகமாக இந்தக் கார். காருக்குப் பக்கத்தில் தலைவரின் அப்பா. பலகைகூடத் தயார். 'இந்தக் கார் மோதி ஒரு சைக்கிள்காரர் உயிரிழந்தார். ஓட்டியவர் ஈராண்டு சிறையில் இருந்தார்.' விபத்துக்கு இரண்டு வரி. அதற்குக் கீழே தலைவரின் பெயரும் பட்டங்களும் ஏழு வரி.

"அப்போ நான் எட்டு மாசக் குழந்தை. அம்மா மடியில இருந்தேன்" என்று மார்பைத் தொட்டுக்கொண்டார் தலைவர். "பெத்த அப்பாவா இருந்தாலும் தப்பு தப்புதான்னு மேடையில சொல்லப்போறேன். கைதட்டல் அடங்கவே அரை நிமிஷம் ஆகும். அது அடங்கினதும் அவர் மன்னிப்புக் கேக்கணும்."

அந்த 'அவர்' அப்போதுதான் உள்ளே நுழைந்தார். பாதி இறக்கியிருந்த ஷட்டரில் நெற்றி இடித்தது. எண்பது வயதிலும் எந்த வாசலிலும் குனிந்தே நுழைய வேண்டிய உயரம். பின்னால் அம்மா, குனிய வேண்டிய அவசியமே இல்லாமல் வந்து நின்றார்.

"எழுதிக் குடுத்ததைப் படிச்சுப் பார்த்தீங்களாப்பா?"

பெரியவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். "என்னுடைய அலட்சியத்தால் ஒரு உயிர்... ஒரு உயிர்..." விட்ட வரியை விரலால் தேடினார்.

"அந்த இடத்துல குரல் தழுதழுக்கணும்ப்பா. நீங்க என்னடான்னா கரண்ட் பில் படிக்கிற மாதிரி படிக்கிறீங்க."

"சரிப்பா."

"அவரை விட்டுடேன்டா" என்றார் அம்மா. "இந்த வயசுல அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சு..."

"ஜெயிலுக்கே போயிட்டு வந்தவருக்கு மேடை என்னம்மா பெரிசு? இவரால நீ எத்தனை பேர்கிட்ட தலைகுனிஞ்சே! அதுக்கு நான் நியாயம் கேக்க வேண்டாமா?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ சும்மா இரு" என்றார் பெரியவர். அதட்டல் இல்லை, பல வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். அம்மா சும்மா இருந்தார்.

"ஒரு தடவை ஒத்திகை பார்த்துடலாம்" என்று கடிகாரத்தைப் பார்த்தார் தலைவர். "டிரைவர் சீட்டுல உக்காருங்க. நான் கை காட்டினதும் கதவைத் தொறந்து இறங்கி, தலையைத் தொங்கப்போட்டு நாலு அடி நடந்து வாங்க. அப்புறம் காகிதம்."

பெரியவர் ஒரு காலை உள்ளே வைத்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. பக்கவாட்டில் திரும்பி நுழையப் பார்த்தார், தலை கூரையில் இடித்தது. பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மூச்சு வாங்க நின்றார்.

"முட்டி மடங்கலையா? நாளைக்கு இப்படித் திண்டாடினா எல்லாரும் சிரிச்சுடுவாங்கப்பா. எனக்குத்தான் அசிங்கம்."

"பெரியவர் முட்டியில ஒண்ணும் இல்லைங்க" என்ற குஷன்காரர், குனிந்து சீட்டுக்கு அடியில் கைவிட்டார். நெம்புகோலை இழுத்தார், சீட் அசையவில்லை. "சீட்டு ஒரேயடியா முன்னாடி போய்க் கெடக்கு. நகர்ற தண்டவாளம் அப்படியே துருப்பிடிச்சு இறுகிடுச்சு. சுத்தியலால நாலு தட்டு தட்டிப் பின்னாடி தள்ளிடறேன்."

அவர் சுத்தியலை ஓங்கினார்.

அம்மா இரண்டு எட்டில் வந்து, கணவரின் கையிலிருந்த காகிதத்தை முதலில் பிடுங்கினார்.

"நீ சும்மா..." என்று ஆரம்பித்தார் பெரியவர்.

அம்மா இந்த முறை சும்மா இருக்கவில்லை. சுத்தியல் பிடித்த கையைப் பற்றி நிறுத்தினார். பார்வை மட்டும் மகன் மேல் இருந்தது.

"தட்டாதீங்க தம்பி. அது என் காலுக்கு வச்ச அளவு."