விக்காத துவக்குச் சத்தம்

“துவக்குச் சத்தம் விக்கி விக்கி வரக் கூடாது, தம்பி. படம் எப்பிடியும் இருக்கட்டும்” என்றார் குணேஸ்வரி அன்ரி.

மகனின் கணினி விளையாட்டில் துப்பாக்கி தடங்காமல் வெடிக்க வேண்டும்: திருகோணமலையில், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், கணினி திருத்துகிறவனிடம் ஒரு தாய் கேட்ட உதவி இது.

நான் சிரிக்கவில்லை. தொழில் மரியாதை.

என்னிடம் வருகிற எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே குறைதான். விளையாட்டில் வெடிக்கும் குண்டு நிஜம்போல இல்லை. புகை மெல்லிசாக இருக்கிறது. இரத்தம் ரோஸ் நிறத்தில் வருகிறது.

துறைமுகப் பக்கம் அதே காட்சியை மிக உயர்ந்த தரத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல், இலவசமாகக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் சனம் அதைப் பதினைந்து அங்குலத் திரையில் பார்க்கவே ஆசைப்பட்டது.

அதற்கென்றே ஒரு சீடி வைத்திருந்தேன். விளையாட்டை வேகமாக்கும் மென்பொருட்கள். நினைவகத்தைத் துப்புரவாக்க ஒன்று, படத்தைக் கூர்மையாக்க ஒன்று. எனக்குப் பிடித்தது மூன்றாவது. பின்னணியில் தேவையில்லாமல் ஓடுகிறவற்றைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகக் கொல்லும். கேள்வி கேட்காது.

ஊரிலும் அப்படி வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஆள் கடத்தும் வெள்ளை வான் இருந்தது. என்னிடம் சைக்கிள்.

பிற்பகல் மூன்றரை மணி. மதிலுக்கு அப்பால் கடற்படைக் காவலரண். மதிலுக்கு இப்பால், ஜன்னலோரம், அன்ரியின் மகனுடைய பழைய கணினி. அதன் இரண்டு ஸ்பீக்கர்களும் ஏனோ வெளியே பார்த்தபடி இருந்தன.

“நிருத்தன் எங்கை, அன்ரி?”

“படுத்திருக்கிறான்.”

நல்ல பிள்ளை. வயது பத்தொன்பது. மூன்றரைக்கு நித்திரை. எழும்பும்போது துவக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும், அதற்குத் தாய் ஆள் பிடித்து வர வேண்டும். மற்றத் தாய்மார் விளையாட்டை அழித்துவிடச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

நிழல்களை நிறுத்தினேன். புல்லை நிறுத்தினேன். தண்ணீரில் தெரிந்த வானத்தை நிறுத்தினேன். வீரர்கள் முகமில்லாத பெட்டிகளானார்கள். சத்தம் மட்டும் கண்ணாடி மாதிரி வந்தது.

அன்ரி கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். “இது ஆள் இல்லாமல் தானா விளையாடுமோ?”

“ஏன், அவருக்கு விளையாடவும் அலுப்போ?”

அவர் மதில் பக்கம் பார்த்தார்.

இரண்டு பக்கத்தையும் கணினியே ஆடும்படி வைத்தேன். பெட்டிகள் ஒன்றையொன்று சுட்டு விழுத்தின, எழும்பின, மறுபடியும் சுட்டன. நடுவில் அகப்படுவதற்குச் சனம் இல்லை. மென்பொருள் உலகம் எவ்வளவோ முன்னேறிவிட்டது.

மாற்றங்கள் பதிய வேண்டுமென்று கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். வீடு அமைதியானது.

மதிலுக்கு மேலால் ஒரு குரல் வந்தது. “மல்லீ! அத கேம் நெத்த?”

தம்பி, இன்றைக்கு விளையாட்டு இல்லையா என்று கேட்கிறான் நேவிக்காரன்.

அன்ரி ஜன்னலருகே ஓடினார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இப்போது தொடங்குவான் என்றார். திரும்பியபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

காற்றில் அறை வாசல் திரைச்சீலை விலகியது. கட்டில் விரித்தபடியே கிடந்தது. அதில் யாரும் படுத்து நாளாகியிருந்தது.

“அவன் இல்லைத் தம்பி” என்றார், சத்தமே வராமல். “ஞாயிற்றுக்கிழமை கிண்ணியா ஸெய்னுதீன்ரை மீன் லொறியில ஏத்தி அனுப்பிப்போட்டன். நாளைக்குக் கொழும்பில பிளேன். அது ஏறுமட்டும் அவன் இங்கை இருக்கவேணும்.”

காவலரணில் வீட்டுக்கு வீடு பெயர்ப் பட்டியல் இருந்தது, படத்தோடு. பத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் குறைந்தால் அவன் புலிகள் இயக்கத்துக்குப் போய்விட்டான் என்றே எழுதுவார்கள். கொழும்புக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், பிளேன் அவனில்லாமல் பறக்கும்.

“முந்தநாள் நான் போட்டுவிட்ட கேம் ஸ்ரக் ஆகி நிண்டு ஒரே வெடி பத்து நிமிசம் கேட்டது. நேவிக்காரன் மதிலால எட்டிப் பாத்தவன். நிருத்தன் கக்கூசுக்குப் போயிட்டான் எண்டு சொன்னனான்.”

மதிலோரம் சப்பாத்துகள் நடந்து வந்தன.

தானாக ஆடுவதை நிறுத்தி விளையாட்டைத் தொடங்கினேன்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் கதிரையில் குனிந்து உட்கார்ந்தேன். சத்தத்தைக் கூட்டினேன். இத்தனை வருடம் மற்றவர்களுக்கு வேகமாக்கிக் கொடுத்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் நான் விளையாடியதில்லை. அரை நிமிடத்தில் செத்தேன்.

பெடியன்கள் கத்துவது மாதிரி “ஐயோ!” என்று கத்தினேன்.

மதிலடியில் சிரிப்புக் கேட்டது. ஆனால் சப்பாத்துகள் போகவில்லை. அவன் கையூன்றி நின்று பார்ப்பது என் பிடரிக்குத் தெரிந்தது.

திரும்பச் சுட்டேன். திரும்பச் செத்தேன். துவக்கு ஒருதரமும் விக்கவில்லை.

குசினியிலிருந்து அன்ரி தேநீர்க் கோப்பையோடு வந்தார். அதை என் முழங்கையடியில் வைத்துவிட்டு, மதிலுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“நிருத்தன், தேத்தண்ணி ஆறப்போகுது. குடிச்சுப்போட்டு விளையாடு.”

“ஓம் அம்மா” என்றேன்.