பூங்காவில் பதினான்கு கொடிகள்

பதினான்காவதையும் நட்டுவிட்டு வில்மா நிமிர்ந்தாள். இடுப்பு விண்ணென்று வலித்தாலும் மனசு நிறைந்திருந்தது. பச்சைப் புல்லில் பளிச்சென்று பதினான்கு மஞ்சள் கொடிகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊரில் ஏதோ விசேஷம் என்றுதான் தோன்றும்.

கிட்டே வந்தால்தான் சங்கதி தெரியும். ஒவ்வொரு கொடியின் காலடியிலும் ஏதோ ஒரு நாய் போட்டுவிட்டுப் போனது கிடந்தது. கொடியில் வில்மா தன் கைப்பட எழுதியிருந்தாள்: 'நாய் வளர்க்கத் தெரியுது, அள்ளத் தெரியலையா? வெட்கம்!' அள்ளுவது தன் வேலை இல்லை, போட்டவர்கள் அள்ளட்டும் என்பது அவள் கட்சி.

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் ஐந்து மாதப் பனிக்கு அடியில் ஒளிந்திருந்ததெல்லாம் ஏப்ரலில் வெளியே வந்துவிடும். அதை ஊரே பொறுத்துக்கொள்ளும். இந்த வருஷம் பனி போன பிறகும் தினம் ஒன்று புதிதாக விழுந்துகொண்டிருந்தது. நகராட்சியில் புல் வெட்டும் டாரில், மெஷினை ஓட்டினால் எல்லாம் தன் மூஞ்சியில் தெறிக்கிறது, சுத்தமாகிறவரை பூங்காப் பக்கமே வரமாட்டேன் என்று கையை விரித்துவிட்டான்.

பூங்காத் தொண்டர் குழுவின் தலைவி வில்மா சும்மா இருப்பாளா? கவுன்சில் கூட்டத்தில் எழுந்து ஒரு போடு போட்டாள். வேட்டைக்காரர்கள் வைப்பதுபோல் மரத்தில் ஒரு கேமராவைக் கட்டுங்கள், ஆள் சிக்கியதும் படத்தைப் பூங்கா வாசல் பலகையில் ஒட்டலாம் என்றாள். அது யாராக இருந்தாலும் தன் கையாலேயே ஒட்டுவதாக நூறு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தாள். கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மூலை வீட்டு ஹெல்கா கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய் வைத்திருந்தாள். வில்மா அவளோடு பேசுவதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

வீட்டில்தான் மரியாதை இல்லை. வில்மாவின் கணவர் ஆல்வின், தங்கள் நாய் பெப்பரைத் தினம் இரண்டு வேளை பூங்காவுக்குக் கூட்டிப் போகிறவர். கோட்டுப் பை நிறைய பிளாஸ்டிக் பை இல்லாமல் படியிறங்க மாட்டார். முந்தின வாரம் ஷூவைக் கழற்றிக்கொண்டே, நகராட்சிக்காரர்கள் இந்த வருஷம் சுறுசுறுப்பு, அதற்குள் மஞ்சள் பூவெல்லாம் நட்டுவிட்டார்கள் என்றார். மே கடைசிவரை உறைபனி விழுகிற ஊரில் யார் இப்போதே பூ நடுவார்கள்? கிண்டலைப் பார் என்று வில்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதையெல்லாம் அசைபோட்டபடி அவள் கையைத் துடைத்தபோது டாரிலின் வண்டி வந்து நின்றது. இறங்கியவன் தொப்பியைக் கழற்றினான். வழக்கமாக அவளைப் பார்த்தாலே கலகலப்பவன் அன்று தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு கவரை நீட்டினான்.

"கேமராவுல விழுந்திருச்சு, வில்மா. கவுன்சில்ல இன்னும் யாருக்கும் காட்டல. ஒட்டுறதும் விடுறதும் உங்க இஷ்டம்."

ஹெல்காதானே என்று ஆசையாய்ப் பிரித்தாள். படத்தில் ஒருவர் முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தார். ஒரு கையில் பை, மறு கை புல்லின்மேல் விரித்தபடி. பைக்குள் போக வேண்டியது ஒரு முழம் தள்ளிச் சும்மா கிடந்தது. பக்கத்தில் பெப்பர், வில்மா வாங்கிக் கொடுத்த சிவப்புக் கழுத்துப்பட்டையோடு.

அவளுக்குக் காது சுட்டது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது. அள்ளுகிற மாதிரி என்னமாய் ஒரு நடிப்பு! அந்த நூறு முகங்களும் கைதட்டியபடியே கண்முன் வந்து நின்றன.

கடைசிக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மூலை வீட்டு வாசலில் நின்ற ஹெல்கா, பேச்சு இல்லாவிட்டாலும் கையை ஆட்டிக் குளிருக்கு ஏதாவது சூடாகக் குடிக்கிறாயா என்று கேட்டாள். வில்மாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. நடையை எட்டிப் போட்டுக் கடந்து போனாள்.

ஆல்வின் சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வில்மா ரேடியோவை அணைத்தாள். கேமரா, படம், டாரில் தலை குனிந்து நின்றது என எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். இனி அந்தக் கவுன்சில் படியை எந்த முகத்தோடு மிதிப்பது என்று கேட்டாள்.

ஆல்வினின் முகம் வெளுத்தது. "தினமும் அள்ளிக் கட்டித் தொட்டியில போட்டுட்டுத்தானே வர்றேன், வில்" என்றார்.

"பொய் சொல்லாத. இதெல்லாம் தாண்டித்தானே தினம் ரெண்டு தடவை போற? ஒரு தடவையாவது உறைக்கல? இந்தா, வாய்விட்டுப் படி."

நீட்டிய கொடியை ஆல்வின் வாங்கினார். முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு இடது பக்கமாகத் தள்ளிப் பிடித்துத் தலையைச் சாய்த்தார். எழுத்து இருந்த இடத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவினார்.

"இது பூ இல்லையா, வில்?"