அமுக்கு, பிடி, விடு

"அமுக்கு" என்றார் சுப்ஹான், காருக்கு அடியிலிருந்து.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தஸ்லிமா கிளட்சை மிதித்தாள்.

"பிடி... விடு."

எழுபத்திரண்டாம் வருடத்துப் பச்சைக் கார். அதை வாங்குகிறவர் பத்து பாகாட் ஊரிலிருந்து கிளம்பியாயிற்று. அவர் கோத்தா திங்கியில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கிளட்ச் சரியாக வேண்டும்.

சுப்ஹானுக்கு விற்க மனசே இல்லை. வித்துத் தொலைங்க என்று தஸ்லிமா வருடக்கணக்காகப் பாடிய பாட்டுக்குப் போன வாரம்தான் தலையாட்டினார். ஆட்டியதிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஒழுகிய கிளட்ச் பம்பைக் கழற்றிவிட்டு நேற்றுதான் புதிது மாட்டினார். மாலையில் ஓட்டிப் பார்த்தபோது கியர் வெண்ணெயாக விழுந்தது. விடிந்து பார்த்தால் கிளட்ச் மிதி தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. பம்பில் காற்று வெளியேற்றும் திருகு தளர்ந்து, எண்ணெய் முழுக்கக் கீழே இருந்த மார்ஜரின் டப்பாவில் வடிந்திருந்தது. நல்லவேளை, தஸ்லிமா தேய்த்துத் தேய்த்துக் கழுவும் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

வயசாகிவிட்டது, இறுக்க மறந்திருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மேலே தஸ்லிமா பேசிக்கொண்டே இருந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் மகள் போனை எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்குள் அவள் வாயைத் திறந்தால் சுப்ஹானுக்குக் கடைக்குப் போகிற வேலை வந்துவிடும். காருக்கு அடியில் படுத்துவிட்டால் தப்பிக்க வழியில்லை, எல்லாவற்றுக்கும் 'ம்' போட்டாக வேண்டும். போட்டுப் போட்டு அவருக்கும் அது பிடித்துப் போயிருந்தது. அவளுக்கும் எந்த ஸ்பேனர் எந்தத் திருகுக்கு என்பது அத்துப்படியாகிவிட்டது.

திருகை நன்றாக இறுக்கிவிட்டு, டப்பாவைத் தள்ளி வைக்கக் கையை நீட்டினார்.

அது தஸ்லிமா துணிக் கிளிப் போட்டு வைக்கிற டப்பா.

தலையைத் திருப்பிப் பார்த்தார். கொடிக்குக் கீழே கிளிப்புகள் குவியலாகக் கிடந்தன.

நேற்று படுக்கப் போகும்வரை கார் ஒழுகவில்லை. ஒழுகாத காருக்கு முன்கூட்டியே டப்பா வைக்கிற ஆள் சுப்ஹான் இல்லை. ஒழுகுகிற காருக்கே வைத்ததில்லை. தரை பாழாகிறது என்று கல்யாணமானதிலிருந்து ஏச்சு வாங்குகிறவர் அவர்.

ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியது.

"தஸ்லிமா, அவர வர வேணாம்னு சொல்லிரு லா. லீக் நிக்க மாட்டேங்குது."

"அலமாக், பாவம் அவரு" என்று உச்சுக்கொட்டினாள். சுப்ஹான் வெளியே நகர்ந்து வருவதற்குள் போன் பேசி முடித்திருந்தாள். "அப்ப அடுத்த ஞாயித்துக்கெழமயும் நான் வந்து குந்தணுமா?"

"ஆமா. பிரேக்கும் சரியில்ல."

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கிளிப் டப்பாவை எடுத்து முன் சக்கரத்தை ஒட்டி, பிரேக்குக்குக் கீழே வைத்தார் சுப்ஹான்.