கடைசிப் பக்கம்

நுரைச்சோலை நூலக மேசையில் மதிய வெயில் சதுரமாகக் கிடக்கிறது. கில்பட் போன படகு கரை திரும்பாமல் இன்று மூன்றாம் நாள். அவன் மனைவி மக்தலேனா கதிரை நுனியில் இருக்கிறாள். "மனசைத் திருப்ப ஏதும் தாங்க மிஸ்." நூலகர் ஃபர்ஸானா நீட்டும் புகைப்படப் புத்தகத்தின் அட்டையில் அலை, மக்தலேனா அதைக் கவிழ்த்து வைக்கிறாள். ஓவியப் புத்தகத்திலும் அதே நீலம். நாவலோ செங்கல் தடிப்பு. "அப்ப இந்த மர்மக்கதை அக்கா. ரத்தம் கித்தம் இல்ல. ஊர்ல ஒராளைக் காணல்ல, தேத்தண்ணிக் கடைக்காரி துப்பறியிறா." "ஆள் வந்திருவாரா?" "வாசிச்சாத்தானே தெரியும்." மக்தலேனா நேரே கடைசிப் பக்கத்தைத் திறக்கிறாள். அப்படிப் பார்ப்பவர்களின் கையிலிருந்து புத்தகத்தையே பறித்துவிடும் ஃபர்ஸானா, இன்று முத்திரையைத் தேடுவதுபோல் மேசை லாச்சிக்குள் குனிந்துகொள்கிறாள்.