ஒன்பதாம் பக்கம்

"அண்ணே, நான் உள்ள வரல. இந்த ஒரு பக்கத்த மட்டும் அவரு கையில குடுத்துடுங்க."

பிரிஸ்கில்லாவுக்கு மூச்சு வாங்கியது. குருசுக்குப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்து ஓடி வந்திருந்தாள். உள்ளே, ஆண்கள் மட்டுமே சேரும் ஃப்ரீமேசன் சகோதர அமைப்பின் ஆய்வுச் சங்கத்தில், அவள் கணவர் லூயிஸ் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் சிறந்த ஆய்வாளர் பதக்கம். கட்டுரையின் ஒன்பதாம் பக்கமோ வீட்டு மேசையிலேயே கிடந்தது.

சங்க வழக்கப்படி உருவிய வாளோடு வாசல் காத்து நின்ற முருகையன் மறுத்துத் தலையசைத்தார். "கூட்டம் ஆரம்பிச்சிட்டா கதவத் தொறக்கக் கூடாதும்மா. சங்கம் தொடங்குன நாள்லேர்ந்து இந்த வாசல்ல ஒரு பொம்பள வந்து நின்னதில்ல."

"இந்தப் பக்கம் இல்லன்னா அந்தக் கட்டுரையே இல்லண்ணே. பதினோரு வருஷம் பழைய பிரெஞ்சுக் கடுதாசியெல்லாம் படிச்சுத் தேடுனது. உங்க கால்ல வேணா விழறேன்."

வாள் அசையவில்லை. உள்ளே கைதட்டல் எழுந்தது. அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கதவு திறந்தது. லூயிஸ் கழுத்தில் பதக்கம் தொங்கியது.

"இத மறந்துட்டுப் போயிட்டீங்களே" என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

"மறக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதப் படிச்சிருந்தா மெடல் குடுத்திருப்பாங்களா?"

முருகையன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். லூயிஸ் தன்னுடையதாக வாசித்த, ஆனால் பிரிஸ்கில்லாவே தேடித் தன் கையால் எழுதிய கட்டுரையின் முடிவு அதில் இருந்தது.

இந்த ஊரின் முதல் ஃப்ரீமேசன் சங்கத்தில், வாளேந்தி வாசல் காத்தவள் ஒரு பெண்.